போகிற நேரமும் வருகிற நேரமும்

“மூணு மணி நேரம்னா மூணு மணி நேரம்தான். என் பொண்ணு பத்து வருஷமா வந்து போயிட்டு இருக்கா, அவளுக்குத் தெரியாததா அந்தக் கவுன்ட்டர் பொண்ணுக்கு—”

“உன் பொண்ணு சொன்னது வர்ற நேரம், அக்கா. நாம போற நேரம் அது இல்லைன்னுதானே அந்தக் கவுன்ட்டர் பொண்ணு—”

“தூரம் ஒண்ணுதானேடி? நாம வர்றோம்னு தெரிஞ்சு அந்த ஊர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துக்குமா?”

“காத்து எதிர்ல அடிக்குதாம். போகும்போது முக்கால் மணி நேரம் கூட ஆகுமாம்.”

“காத்தா? எனக்கு இல்லாத காத்து அதுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்துச்சாம்?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பெரியவளுக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்கியது. விமான நிலையத்துக்குள், ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தூணடியில் நடந்தது இந்தச் சண்டை. பெரியவள் சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தாள். சின்னவள் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, தூணில் சொருகிய பிளக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிளக் பாயின்ட் தொளதொளவென்று இருந்தது. கையை எடுத்தால் மின்சாரம் போய், பெரியவளின் ஆக்சிஜன் மெஷின் பேட்டரியைத் தின்ன ஆரம்பித்துவிடும். நாற்காலி தள்ளி வந்த ஆள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா, தங்கை. அக்காவுக்கு எழுபத்திரண்டு, தங்கைக்கு அறுபத்தாறு. குடும்பத்தில் எல்லோருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். அக்காவுக்கு மட்டும் தங்கை இன்னும் ‘குட்டி’தான். பெரியவள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேரை மற்ற பாதிப் பேரோடு பேச வைத்தவள், அந்த நடுவிலேயே தானும் பேசிக்கொண்டிருந்தவள். சின்னவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். இருவருமே புருஷனைப் பறிகொடுத்தபின் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரு நாள் சண்டை இல்லாமல் போனால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டுப் போவார்.

எட்டு மாதத்துக்கு முன் பெரியவளுக்கு நிமோனியா வந்தது. காய்ச்சல் போயிற்று, மூச்சு திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து மூக்கில் குழாய். வீட்டில் இருப்பது சக்கரம் வைத்த பெரிய மெஷின். சுவரில் சொருகிவிட்டால் நாள் முழுக்க உறுமிக்கொண்டே கிடக்கும். வெளியே போனால் தோளில் மாட்டும் சின்ன மெஷின். அவள் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அது ‘புஸ்’ என்று ஒரு வாய் ஆக்சிஜனைக் கொடுக்கும். பேசினால் மூச்சு அடிக்கடி வாங்கும். மூச்சு அடிக்கடி வாங்கினால் பேட்டரி சீக்கிரம் தீரும். மெஷின் விற்ற கடைக்காரர் இதை விளக்கிவிட்டு, அம்மா பேசாம இருந்தாங்கன்னா பேட்டரி ரொம்ப நேரம் வரும் என்றார். இன்னொரு பேட்டரி வாங்கறது அதைவிடச் சுலபம் என்று சின்னவள் அங்கேயே சொல்லிவைத்தாள். அந்தப் பேட்டரி அடுத்த வாரம் வந்துவிடும் என்று கடைக்காரர் நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆக, இருப்பது இரண்டு பேட்டரி. புதியது, டாக்டர் சொன்னபடி மெஷினை மூன்றாம் நம்பரில் வைத்தால், இரண்டரை மணி நேரம் தாங்கும். பழையது ஆள் முகம் பார்த்துத்தான் வேலை செய்யும். நல்ல நாளாக இருந்தால் ஒரு மணி. மொத்தம் மூன்றரை. பயணம் மூன்று. அரை மணி கையிருப்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் சின்னவள் வீட்டைப் பூட்டினாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் டாக்டர் சான்றைப் படித்துவிட்டு, பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டாள். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கவேண்டுமாம். சின்னவள் இரண்டு பேட்டரியையும் எடுத்து அவற்றின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் நான்கு மணி நேரம் என்று அச்சடித்திருந்தது. அது புதிதாக இருக்கும்போது, முதல் நம்பரில் வைத்தால் வருகிற நேரம். “எட்டு” என்றாள் சின்னவள். அச்சில் இருந்தது பொய்யில்லை; அவள் வாயிலிருந்து வந்ததுதான் பொய். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சீட்டைக் கொடுத்தாள். இன்று எதிர்க்காற்று, மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அங்கிருந்து இங்கே வரும்போதுதான் மூன்று என்றாள். சீட்டை வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை. பக்கத்தில் அக்கா, தங்கையின் புடவைத் தலைப்பைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். சின்னவள் நகர்ந்தாள்.

அறுபத்தாறு வருஷமாக அவள் இப்படித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறாள்.

“திரும்பிப் போயிடலாம் அக்கா. ரயில்ல போகலாம். ரயில்ல சீட்டுக்குச் சீட்டு பிளக் இருக்கு.”

“ரயில் போய்ச் சேரும்போது என் பொண்ணை ஆபரேஷனுக்குப் படுக்க வெச்சிருப்பாங்க. இல்லைன்னா மூணாவது தடவையும் தள்ளிப் போட்டிருப்பா.”

பெரியவளின் மகளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். முதல் முறை அம்மாவுக்கு நிமோனியா என்று கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தாள்; காய்ச்சல் விட்டதும், மூக்குக் குழாய் நாலு நாளைக்குத்தான் என்று அம்மா சொன்னதை நம்பித் திரும்பிப் போனாள். இரண்டாம் முறை அம்மா போனில் இருமியது அவளுக்குப் பிடிக்கவில்லை; மறுபடியும் வந்து நின்றாள். அந்தத் தடவை பெரிய மெஷினைத் தையல் மெஷினுக்கு அடியில் தள்ளித் துணி போட்டு மூடி, மூன்று நாளும் அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் குழாயை மாட்டிக்கொண்டாள் பெரியவள். இனிமேல் தள்ளக் கூடாது என்று மகளின் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளும் ஒரு கண்டிப்பு வைத்தாள். நீ நல்லா இருக்கேன்னு என் கண்ணால பார்த்தாத்தான் நான் படுப்பேன்.

அதனால் பெரியவள் நல்லா இருக்கவேண்டும். இன்று சாயங்காலம் விமானத்தை விட்டு இறங்கி, குழாயைக் கழற்றி, மெஷினைத் தங்கையின் தோள்பைக்குள் போட்டு மூடி, வாசலில் நிற்கும் மகளைப் பார்த்து நடந்து போகவேண்டும். காரில் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொள்வது; வீட்டில் களைப்பாக இருக்கிறது என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வது. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் அவள் ஆபரேஷன் அறைக்குள் போனபின் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம். இது ஒரு திட்டமா என்று சின்னவள் ஒரு வாரமாகத் தலையில் அடித்துக்கொண்டாள். உன் அத்தான் வைக்கிற குழம்பு நல்லா இருக்குன்னு முப்பது வருஷம் நடிச்சவடி நான், ரெண்டு நாள் நடிக்க மாட்டேனா என்று பெரியவள் வாயை அடைத்துவிட்டாள்.

ஏறச் சொல்லி அழைப்பு வந்தது. சின்னவள் பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினில் நான்கு பச்சை விளக்குகள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேளு. இப்போதிலிருந்து இறங்கற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“நீ?”

“நானும்தான். நான் பேசினா நீ பதில் சொல்லாம இருக்கமாட்டே.”

“நாம ரெண்டு பேரும் பேசாம இருந்தா அந்த பைலட் பயந்துடப் போறான்டி” என்றாள் பெரியவள். நாற்காலி தள்ளுகிறவர் இதற்குமேல் தாங்காமல் சிரித்துவிட்டார்.

ஜன்னலோரம் பெரியவள், நடுவில் சின்னவள், ஓரத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரர். கைப்பையை மேலே வைப்பதற்குள் அவர் தன்னைப் பல் டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். உட்கார்வதற்குள் மூக்குக் குழாயைப் பார்த்துவிட்டார். பெல்ட்டை மாட்டுவதற்குள், தன் மாமாவுக்கும் இதே போல நுரையீரல் கெட்டுப்போய் எத்தனை மாதம் இருந்தார் என்பதைச் சொல்ல ஆரம்பித்தார். பெரியவளின் வாய் திறந்தது. சின்னவள் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, அக்காவுக்குத் தொண்டை சரியில்லை, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். அப்படியானால் கேட்கலாமே என்று அவர் மாமாவின் கதையை முழுசாகச் சொன்னார். மாமா கடைசியில் பிழைக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு விமானம் நின்றது. நகர்ந்தது, நின்றது. முன்னால் ஐந்தாறு விமானங்கள் வரிசையில் இருக்கின்றன என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சந்தை நாளில் பாலத்தில் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி அது உறுமிக்கொண்டு நின்றது. பக்கத்தில் மெஷின் புஸ், புஸ் என்று பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு பிளக் ஓட்டை இருப்பதைச் சின்னவள் காலால் தடவிக் கண்டுபிடித்தாள். விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள். அது போனுக்கு மட்டும்தானாம்; இந்த மெஷினைச் சொருகினால் வரிசை முழுக்க அணைந்துவிடுமாம். அதுதான் உங்ககிட்ட எட்டு மணி நேரத்துக்கு இருக்கே, கவலைப்படாதீங்க என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மேலே எழும்பியபின் எதிரே இருந்த திரையில் ஒரு படம் வந்தது. இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவில் ஒரு குட்டி விமானம். கீழே இரண்டு எண்கள்: மீதித் தூரம், மீதி நேரம். சின்னவளுக்கு எதையும் கண்ணாலேயே அளந்து பழக்கம். தூரம் ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது. நேரம் அப்படிக் குறையவில்லை. பத்து நிமிஷம் பறந்திருப்போம் என்று அவள் நினைக்கிறபோது அது ஆறு நிமிஷம்தான் குறைந்திருக்கும். ஒரு தடவை இரண்டு நிமிஷம் கூடவும் செய்தது. பல் டாக்டர் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, எதிர்க்காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருக்கிறது, வரும்போது பாருங்கள், தள்ளிவிட்ட மாதிரி வந்துவிடலாம் என்று ஆறுதல் சொன்னார்.

துணி குறைந்தால் சின்னவளுக்குச் சமாளிக்கத் தெரியும். கைப்பக்கம் ஒட்டுப் போடுவாள், உள்மடிப்பைப் பிரித்து விடுவாள், உடுத்தியவளுக்கே தெரியாது. நேரத்துக்கு ஒட்டுப் போட எங்கே துணி? அவள் திரையைப் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரை. மூன்று விளக்கு. இரண்டு விளக்கு. பெரியவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, மடியில் இருந்த மெஷினையும் அதற்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இருந்தாள். வாயைத் திறக்கவேயில்லை. பணிப்பெண் தண்ணீர் கொடுத்தபோதும், பல் டாக்டர் தன் மனைவியின் தங்கை கல்யாணத்தில் நடந்த ஒரு தகராறை விவரித்து நியாயம் கேட்டபோதும்கூட. பெரியவள் ஒரு தகராறுக்குத் தீர்ப்புச் சொல்லாமல் விட்டதைச் சின்னவள் தன் ஆயுளில் பார்த்ததில்லை. பாவம், எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறாள் என்று நினைத்தாள். பேசிப் பேசியே மனுஷியை ஓய்த்துவிடுகிறவள் பேசாமல் இருந்தால் இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

புது பேட்டரி, கணக்குப் போட்டதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவே ஓடியது. கடைக்காரர் சொன்னது சரிதான், பேசாமல் இருந்தால் வரத்தான் செய்கிறது என்று சின்னவள் மனசுக்குள் அவருக்கு நன்றி சொன்னாள். பேட்டரி மாற்றும்போது பெரியவள் போர்வையை விலக்கவிடவில்லை. தானே உள்ளே கையைவிட்டு எடுத்துக் கொடுத்தாள், தானே வாங்கிச் சொருகிக்கொண்டாள். நான் பார்த்துச் செய்கிறேனே என்று சின்னவள் சாடை காட்டியதற்கு ஒரு முறைப்பு மட்டும் கிடைத்தது. பழைய பேட்டரி நாலு விளக்கோடு ஆரம்பித்து, மூடியைச் சாத்துவதற்குள் மூன்றானது. அப்புறம் இரண்டு. அப்புறம் அங்கேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சின்னவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. எத்தனை தடவை அந்தப் பேட்டரியைத் தரித்திரம் என்று திட்டியிருக்கிறாள்.

திரையில் அறுபது கிலோமீட்டர். காது அடைத்தது, இறங்குகிறார்கள். ஐம்பது. நாற்பது. பல் டாக்டர் காலணியை மாட்டிக்கொண்டார்.

அப்போது பைலட்டின் குரல் வந்தது. கீழே ஓடுபாதையில் நெரிசல், நமக்கு முறை வரும்வரை கொஞ்ச நேரம் சுற்றவேண்டும், இருபது நிமிஷத்திலிருந்து அரை மணி ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். திரையில் குட்டி விமானம் மூக்கைத் திருப்பியது. நாற்பத்தைந்து. அறுபது. எழுபது.

சின்னவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். சத்தம் ஏதோ மாறியிருந்தது. வெகு நேரமாகவே மாறியிருந்திருக்கவேண்டும். என்ஜின் ஓசை குறைந்த பிறகுதான் காதில் விழுந்தது. வீட்டில் கேட்டுப் பழகிய அழுத்தமான ‘புஸ்’ இல்லை. குழந்தை மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல ஒரு சின்ன ஊதல். அவள் போர்வைக்குள் கையை விட்டாள். பெரியவளின் கட்டைவிரல் மெஷினின் பொத்தான்மேல் இருந்தது. அந்த விரலை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

மூன்றாம் நம்பர் இல்லை. ஒன்று.

தூரத்தைக் குறைக்க முடியாதவள் மூச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். விலக்கிய விரலைச் சின்னவள் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். நகம் நீல மை தொட்ட மாதிரி இருந்தது.

“எப்போ குறைச்சே?”

பெரியவள் கண்ணைத் திறந்தாள். பதில் சொல்லலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

“ஏறினவுடனே.”

“ஏறினவுடனேயா? இவ்வளவு நேரமும் ஒண்ணுலயா இருக்கே? உனக்குப் புத்தி இருக்கா?”

சின்னவள் பொத்தானை மூன்றுக்கு ஏற்றினாள். ஒரு விளக்கு அணைந்தது. பெரியவள் ஒன்றுக்கு இறக்கினாள். சின்னவள் ஏற்றினாள். பெரியவள் அவள் விரலைப் பிடித்து முறுக்கினாள். போர்வைக்குள் இரண்டு கிழவிகள் சத்தமில்லாமல் கைச்சண்டை போட்டுக்கொள்வதைப் பார்க்காதவர்போல, பல் டாக்டர் தன் முன் இருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து மிகவும் கவனமாகப் படித்தார். சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரிச் சண்டையில் பெரியவள்தான் ஜெயிப்பாள். இப்போது அவள் கையில் பலமே இல்லை.

மெஷின் ‘பீப்’ என்றது. கடைசி விளக்கு சிவப்பாகி, சிமிட்ட ஆரம்பித்தது.

சின்னவளின் கை தலைக்குமேல் இருந்த அழைப்பு மணிக்குப் போனது. பெரியவள் அவள் முழங்கையைப் பிடித்துத் தொங்கினாள்.

“கூப்பிடாதே.”

“விடு.”

“கூப்பிட்டா... படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போவாங்க. அவ வாசல்லயே நிப்பா. பார்த்தான்னா...” அவள் நிறுத்தி, வாயால் காற்றை இழுத்தாள். இழுத்தது தொண்டைக்குக் கீழே போகவில்லை. “பார்த்தான்னா அவ படுக்கமாட்டா, குட்டி.”

“நீ இல்லாமப் போயிட்டா மட்டும் படுப்பாளா?”

“கால் மணி நேரம்டி. தாங்கிடுவேன்.”

“அந்தக் கால் மணி நேரம்தான் அக்கா நம்மகிட்ட இல்லை.”

பெரியவள் பிடியை விடவில்லை. கெஞ்சவும் இல்லை, கெஞ்சிப் பழக்கம் இல்லாதவள். வெறுமனே பார்த்தாள். வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிற பார்வை. அந்தப் பார்வைக்குத்தான் சின்னவள் மாப்பிள்ளை பார்க்கும்போது சரி என்றாள், அப்பாவின் வீட்டை விற்கும்போது சரி என்றாள், மகளுக்குத் தெரியவேண்டாம் என்றபோது மெஷின்மேல் துணி போட்டு மூடினாள், கவுன்ட்டரில் எட்டு என்றாள். ஒவ்வொரு தடவையும் அக்கா சொன்னது சரியாகவும் போயிருக்கிறது, அதுதான் கொடுமை. மகள் வாசலில் நிற்பது அவளுக்கும் கண்முன்னே தெரிந்தது. எட்டி எட்டிப் பார்ப்பாள். அம்மா நடந்து வருகிறாளா என்று முதலில் காலைப் பார்ப்பாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்துவிட்டால் அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பமாட்டாள். அந்தக் கட்டி அவளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். அக்கா சொல்வதில் ஒரு எழுத்து தப்பில்லை.

பீப். பீப்.

சின்னவள் முழங்கையை உதறினாள். மணியை அழுத்தினாள். ஒரு தடவை போதும். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

இறங்கும் நேரம் என்று பணிப்பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு தோளைத் தட்டிவிட்டுப் போன பெண் சைகையால் என்ன என்று கேட்டாள். சின்னவள் சிவப்பாகச் சிமிட்டும் மெஷினைத் தூக்கிக் காட்டினாள். பல் டாக்டர்தான் எழுந்து நின்று, சீக்கிரம் வாங்க என்று குரல் கொடுத்தார். அவள் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

“பேட்டரி தீர்ந்துபோச்சும்மா” என்றாள் சின்னவள். “எட்டு மணி நேரம்னு சொன்னது பொய். இருந்ததே மூணரைதான். நான்தான் சொன்னேன், இவ சொல்லலை. உங்ககிட்ட ஆக்சிஜன் இருந்தா கொடுங்க, அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு போய் வேறு ஒரு முகம் வந்தது. வேலை தெரிந்த முகம். அவள் ஓடினாள். ஒரு பச்சைச் சிலிண்டரும் முகமூடியும் வந்தன. இன்னொருத்தி போனில் பைலட்டிடம் பேசினாள். விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கி கேட்டது. அக்கா, தங்கை, பணிப்பெண் மூவரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் இருக்கையிலேயே சுருங்கி, எனக்கு முப்பத்திரண்டுக்கு மேல தெரியாதும்மா என்றார். ஆனாலும் எழுந்து, நாடியைப் பிடித்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்து, சிலிண்டரின் திருகை எவ்வளவு திறக்கவேண்டும் என்று படித்துச் சொன்னார். வேறு யாரும் வரவில்லை.

பெரியவள் முகமூடியை மாட்டவிட்டாள். தள்ளிவிடவும் இல்லை, உதவவும் இல்லை. முகமூடிக்குள் மெதுவாக ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு, தானும் அதன்கூடவே மூச்சு விட்டாள். நகத்தின் நிறம் மாறுகிறதா என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் மாறுகிறது. இல்லை, வெளிச்சம் மாறுகிறது. இல்லை, கொஞ்சம் மாறுகிறதுதான்.

விமானம் சுற்றுவதை விட்டுவிட்டு மூக்கைக் கீழே இறக்கியது. நோயாளி ஒருவர் இருப்பதால் நமக்கு முதலில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பைலட் சொன்னார். முன்னால் யாரோ கை தட்டினார்கள், சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். திரையில் தூரமும் நேரமும் இப்போது போட்டி போட்டுக்கொண்டு குறைந்தன. பணிப்பெண் குனிந்து, ஆம்புலன்ஸ் விமானத்தின் வாசலுக்கே வந்துவிடும், படுக்கவைத்துத்தான் இறக்குவோம் என்று சொன்னாள்.

“வெளியே உங்களை அழைச்சிட்டுப் போக யாராவது வந்திருக்காங்களா? அவங்களுக்குத் தகவல் சொல்லணும்.”

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு ரோட்டில் வரிசையாக நிற்கும் வண்டிகள். எல்லாம் பெரிதாகிக்கொண்டு வந்தன.

“அவ மக வந்திருக்கா” என்றாள் சின்னவள். பெயரையும் போன் நம்பரையும் சொன்னாள். அந்தப் பெண் அதைக் கையில் எழுதிக்கொண்டு போனாள்.

சக்கரம் தரையில் மோதியது. விமானம் குலுங்கி, இரைந்து, வேகம் குறைந்து உருண்டது. சின்னவள் அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சூடாகத்தான் இருந்தது. பிடித்துக்கொள்ளவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. முகமூடியில் ஆவி படிந்தது, மறைந்தது. ஜன்னலுக்கு அப்பால் ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு இவர்களோடு கூடவே ஓடி வந்தது. பெரியவளின் கண் திறந்துதான் இருக்கிறது; அதைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

“அக்கா... நீ கோவத்துல பேசாம இருக்கியா, இல்லை மூச்சைச் சேர்த்து வெச்சுக்கறதுக்குப் பேசாம இருக்கியா? அதை மட்டும் சொல்லிடு.”